நிறுத்தி வைத்த பைக்கைச் சுற்றுலா கார் இடித்துவிட்டது: யாருடைய இன்சூரன்ஸில் கேட்பது?

தேயிலைக்காடு | குன்னூர்

எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமை மதியம் சிம்ஸ் பார்க் பக்கம் சரிவான சாலையில், ஓரமாகச் சைடு ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருந்த என் பைக்கை, ரிவர்ஸ் எடுத்த வெளியூர் கார் ஒன்று இடித்துத் தள்ளிவிட்டது. பைக் கீழ்ப்பக்கமாகச் சாய்ந்து தடுப்புக் கல்லில் மோதியதில் ஃபோர்க் வளைந்துவிட்டது. ஹேண்டில் பார், டேங்க், கிளட்ச் லிவர், இடது இண்டிகேட்டர் எல்லாம் அடி வாங்கியிருக்கின்றன.

கார்க்காரர் ஓடவில்லை. குடும்பத்தோடு கேரளாவிலிருந்து வந்தவர். "ரெண்டாயிரம் தர்றேன், விட்டுடுங்க" என்றார். நான் வாங்கவில்லை. கார் நம்பர், அவருடைய லைசென்ஸ், இன்சூரன்ஸ் தாள் மூன்றையும் போட்டோ எடுத்துக்கொண்டேன். மேட்டுப்பாளையத்தில் ஷோரூமுக்குப் படங்களை அனுப்பியதில் எஸ்டிமேட் 16,000 ரூபாய் சொல்கிறார்கள். பைக்குக்கு மூன்றரை வயது. ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கிறது. இதுவரை கிளெய்ம் போட்டதில்லை.

தப்பு அவருடையது, அப்படியென்றால் அவருடைய இன்சூரன்ஸ்தானே தர வேண்டும்? அந்தக் கம்பெனிக்குப் போன் செய்தால் "உங்க கம்பெனியில கேளுங்க" என்கிறார்கள். என் கம்பெனியில் கேட்டால் என்.சி.பி., அதாவது கிளெய்ம் போடாத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, போய்விடுமாம். பட்டறையில் ஒருவர், "மழையில வழுக்கி விழுந்ததுன்னு எழுதிக் கொடுங்க, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்கிறார். என்ன செய்வது?

கொண்டைஊசி | ஊட்டி

முதலில் அந்தப் பட்டறைக்காரர் பேச்சைக் கேட்காதீர்கள். கிளெய்ம் ஃபாரத்தில் பொய் எழுதினால், அது தெரிய வரும் நாளில் முழுக் கிளெய்மையும் மறுக்க அவர்களுக்கு உரிமை வந்துவிடும். நடந்தது என்ன? நிறுத்தியிருந்த வண்டியை இன்ன நம்பர் கார் இடித்தது. அதை அப்படியே எழுதுங்கள். வழுக்கி விழுந்த வண்டிக்கும் பக்கவாட்டில் இடிபட்ட வண்டிக்கும் அடி விழும் இடம் வேறு. பார்க்கிறவருக்குத் தெரியாமலா போகும்?

அடுத்து, ஸ்டேஷனில் மனு கொடுத்து, புகாரைப் பதிவேட்டில் ஏற்றியதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிவிட்டீர்களா? யாருக்கும் காயம் இல்லாத விஷயத்தில் எஃப்.ஐ.ஆர். போடத் தயங்குவார்கள். ஆனால் சி.எஸ்.ஆர். கேட்டு வாங்கலாம். அதில் தேதி, நேரம், இடம், இரண்டு வண்டி நம்பர், ஓட்டியவர் பெயர் எல்லாம் இருக்கட்டும். மோட்டார் வாகனச் சட்டம் 134ஆம் பிரிவின்படி, அடுத்தவர் பொருளுக்குச் சேதம் ஏற்படுத்திய ஓட்டுநரும் அருகிலுள்ள ஸ்டேஷனில் 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். காயம் பட்டால்தான் போலீஸ் என்று நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள். சட்டம் பொருள் சேதத்தையும் சேர்த்தே சொல்கிறது.

அப்புறம் எதிர்க் கடையில் கேமரா இருந்தால் இன்றைக்கே போய்ப் பதிவைக் கேளுங்கள். பழைய பதிவின் மேல் புதியது ஏறிக்கொண்டே இருக்கும். கடைக்காரர் நல்லவராக இருந்தாலும், அழிந்ததை அவரால் திருப்பித் தர முடியாது.

தேயிலைக்காடு | குன்னூர்

சி.எஸ்.ஆர். வாங்கிவிட்டேன். கேமரா பதிவும் கிடைத்தது, கார் பின்னால் உருண்டு வருவது தெளிவாகத் தெரிகிறது. பணம் எந்த வழியில் கேட்பது என்பதில்தான் குழப்பம்.

சர்வேப் பார்வை | கோயம்புத்தூர்

பல வருடம் வண்டி சர்வே, அதாவது இன்சூரன்ஸுக்காகச் சேதத்தை மதிப்பிடும் வேலை, செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு மூன்று வழி இருக்கிறது. கார்க்காரரிடமே நேரடியாக வாங்குவது, அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கான காரின் தேர்ட் பார்ட்டி காப்பீட்டில் கேட்பது, உங்கள் சொந்தப் பாலிசியின் ஓ.டி. பகுதியில், அதாவது ஓன் டேமேஜில் கேட்பது. காரின் கம்பெனி உங்களைத் திருப்பி அனுப்பியதில் வியப்பில்லை. நம் நாட்டில் தேர்ட் பார்ட்டி சேதத்துக்கு அந்தக் கம்பெனி பொதுவாக விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகுதான் பணம் தரும். போனில் பேசி, போட்டோ அனுப்பி முடிகிற காரியம் இல்லை.

சொந்தப் பாலிசியில் என்ன கிடைக்கும் என்று கணக்குப் போடுவோம். ஜீரோ டெப், அதாவது தேய்மானம் கழிக்காத வசதி, சேர்க்காத சாதாரணப் பாலிசி என்று வைத்துக்கொள்கிறேன். மூன்று முதல் நான்கு வயதுள்ள வண்டியின் உலோகப் பாகங்களுக்கு 25 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரிக்கு வயது எதுவானாலும் 50 சதவீதம். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. பெயிண்ட் பில்லில் கால் பங்கைப் பொருள் செலவு என்று எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள். லேபர் முழுதாகக் கிடைக்கும்.

உங்கள் 16,000 ரூபாயில் உலோகம் 9,000, பிளாஸ்டிக் 3,000, லேபர் 2,400, பெயிண்ட் 1,600 என்று ஒரு பிரிவினை எடுத்தால் கிடைப்பது 6,750, 1,500, 2,400, 1,400. மொத்தம் 12,050. டூவீலருக்குக் கட்டாயப் பிடித்தம் 100 ரூபாய். ஆக 11,950 கைக்கு வரும். 4,050 உங்கள் பையிலிருந்து போகும்.

இப்போது எல்லாரும் பயப்படுகிற என்.சி.பி. மூன்று வருடம் கிளெய்ம் இல்லாததால் உங்களுக்கு இப்போது 35 சதவீதம் தள்ளுபடி இருக்கும். அடுத்து 45, அதன் பிறகு 50, அதுதான் உச்சம். கிளெய்ம் போட்டால் அடுத்த வருடம் பூஜ்யம், பிறகு 20, 25, 35, 45 என்று மறுபடி ஏற வேண்டும். வருடா வருடம் வித்தியாசத்தைக் கூட்டினால் 45, 30, 25, 15, 5, மொத்தம் 120 சதவீதம். இந்தத் தள்ளுபடி ஓ.டி. பிரீமியத்துக்கு மட்டும்தான், தேர்ட் பார்ட்டி பிரீமியத்துக்கு இல்லை. தள்ளுபடிக்கு முன் உங்கள் ஓ.டி. பிரீமியம் 1,200 ரூபாய் என்றால், ஐந்து வருடத்தில் நீங்கள் இழப்பது 1,440 ரூபாய், அதன் மேல் வரி. அவ்வளவுதான்! காருக்கு இது பெரிய தொகை, பைக்குக்கு இல்லை. என்.சி.பி. போய்விடும் என்று பயந்து பல ஆயிரம் ரூபாயைக் கையிலிருந்து கட்டியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

ஆக, சொந்தப் பாலிசி வழியில் உங்கள் நஷ்டம் கிட்டத்தட்ட 5,500. கார்க்காரர் 10,500க்கு மேல் கையில் தந்தால் நேரடியாக முடிப்பது லாபம். அதற்குக் கீழே என்றால் பாலிசியில் போடுவதே நல்லது. 2,000 ரூபாயை வாங்காதது சரியான முடிவு.

நீலக்குறிஞ்சி | கோத்தகிரி

கணக்கு சரி சார், ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. ஓரமாக நிறுத்திய வண்டி. அப்போது இவர் அதை ஓட்டக்கூட இல்லை. இவருக்கு எதற்கு 5,500 ரூபாய் நஷ்டம்? சீசன் நாட்களில் கோத்தகிரியிலும் இதேதான் நடக்கிறது. சரிவில் காரை நிறுத்தி எடுக்கத் தெரியாமல் பின்னால் உருள விட்டு, வேலைக்குப் போக வைத்திருக்கிற ஒரே வண்டியை உடைத்துவிட்டு, ஆயிரம் இரண்டாயிரம் நீட்டிவிட்டு மலை இறங்கிவிடுகிறார்கள். நாம் நம் பாலிசியிலேயே போட்டுக்கொள்வதால்தான் அவர்களுக்கு இது ஒரு செலவாகவே தெரிவதில்லை. தேர்ட் பார்ட்டி வழியைக் கைவிடச் சொல்லாதீர்கள்.

சர்வேப் பார்வை | கோயம்புத்தூர்

அம்மா, உங்கள் கோபம் நியாயம். கைவிடச் சொல்லவில்லை. வண்டி நாளைக்கே ஓட வேண்டும் என்றால் எது வேகமான வழி என்றுதான் சொன்னேன். கம்பெனிகளுக்குள் நாக் ஃபார் நாக் என்றொரு உடன்பாடு உண்டு. அவரவர் வாடிக்கையாளரின் சேதத்தை அவரவரே தாங்கிக்கொள்வார்கள். ஆகையால் உங்கள் கம்பெனி கார் கம்பெனியிடம் வசூலித்து உங்கள் என்.சி.பி.யைக் காப்பாற்றித் தரும் என்று எதிர்பார்க்க முடியாது.

மலைவழக்கு | ஊட்டி

நீதிமன்றப் பக்கம் இருப்பவன், தேர்ட் பார்ட்டி வழியை நான் விளக்குகிறேன்.

விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் என்றால் சாவு, காயம் மட்டும் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 165ஆம் பிரிவு பொருள் சேதத்தையும் அதற்குள் சேர்த்திருக்கிறது. 166இன் கீழ் மனு போடலாம், அந்த மனுவை நம் பக்கம் எம்.சி.ஓ.பி. என்பார்கள். விபத்து நடந்த இடத்திலோ, நீங்கள் வசிக்கும் இடத்திலோ போடலாம். கார் கேரளாவோ கர்நாடகாவோ, நீங்கள் அங்கே போக வேண்டியதில்லை. ஊட்டியிலேயே நடத்தலாம். 2019 திருத்தம் ஒரு கெடு வைத்தது. 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். சிறிய தொகை வழக்குகள் லோக் அதாலத்தில் பேசி முடிவதும் உண்டு. வருமானம் குறைந்தவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே பாருங்கள். கார்க்காரரின் இன்சூரன்ஸ் தாள் போட்டோவில் பிரீமியம் அட்டவணை இருக்கிறதா? காரின் பாலிசியில் மூன்றாம் நபர் பொருள் சேதத்துக்கு வழக்கமாக 7.5 லட்சம் ரூபாய் வரை உண்டு. பிரீமியத்தில் சிறு கழிவு வாங்கிக்கொண்டு அதை 6,000 ரூபாயாகக் குறைத்துக்கொள்ளும் வாய்ப்பும் உண்டு. டி.பி.பி.டி., அதாவது மூன்றாம் நபர் பொருள் சேதம், 6,000 என்று இருந்தால், தீர்ப்பு 16,000க்கு வந்தாலும் கம்பெனி 6,000தான் கட்டும். மீதியை வண்டி உரிமையாளரிடம்தான் வசூலிக்க வேண்டும்.

கார்க்காரரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். தேர்ட் பார்ட்டி கிளெய்ம் போனால் அவருடைய என்.சி.பி. கெடாது. அது தெரியாமல்தான் பலர் முரண்டு பிடிக்கிறார்கள்.

தேயிலைக்காடு | குன்னூர்

அவருடைய பாலிசியைப் பார்த்தேன். நீங்கள் சொன்ன அதே வரி, 6,000தான் போட்டிருக்கிறது.

மலைவழக்கு | ஊட்டி

அப்படியென்றால் தீர்ப்பாயம் போவது உங்கள் தொகைக்குக் கட்டுப்படியாகாது என்றே நினைக்கிறேன். கதவை மூட வேண்டாம், ஆறு மாதம் இருக்கிறது. ஆனால் நீலக்குறிஞ்சி கேட்ட நியாயத்துக்கு வேறு வழி இருக்கிறது.

உங்கள் பாலிசியில் கிளெய்ம் போடுங்கள். பாலிசி தராத தொகையை மட்டும் கார்க்காரரிடம் கேளுங்கள். தேய்மானம், பிடித்தம், என்.சி.பி. இழப்பு, வண்டியைக் கீழே இறக்கும் வாடகை. ஒரே சேதத்துக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்குவது தவறு. இது அப்படி இல்லை, இன்சூரன்ஸ் தராத பகுதி இது. 16,000 கேட்டால் மலைக்கிறவர் ஏழாயிரத்துக்குச் சம்மதிக்க வாய்ப்பு அதிகம்.

எழுதி வாங்கும் தாளில் மட்டும் கவனம் வேண்டும். "முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். உங்களுக்குப் பணம் தரும் கம்பெனிக்கு இடித்தவரிடம் வசூலிக்கும் உரிமை இருக்கிறது, அதை நீங்கள் எழுதிக் கொடுத்துவிட முடியாது. "காப்பீட்டில் கிடைக்காத செலவுக்காக மட்டும், இறுதி பில் வந்தபின் கூடுதல் குறைவு சரிசெய்யப்படும்" என்று எழுதுங்கள். அவரிடமும் "என் தப்பு" என்று எழுதச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். தன் கம்பெனியின் சம்மதமில்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளக் கூடாது என்பது அவருடைய பாலிசி நிபந்தனை. நடந்ததை மட்டும் எழுதினால் போதும்.

தூண்பாறை | கொடைக்கானல்

இடையில் புகுந்து கேட்கிறேன். எங்கள் ஏரிப் பக்கம் தம்பியின் ஸ்கூட்டரை இடித்தவர் நிற்கவே இல்லை. பக்கத்தில் நின்றவர் நம்பரைக் குறித்துக் கொடுத்தார். பெயர், ஊர் எதுவும் தெரியாது. ஹிட் அண்ட் ரன்னுக்கு அரசாங்கம் பணம் தரும் என்கிறார்களே?

மலைவழக்கு | ஊட்டி

அந்தத் திட்டம் சாவுக்கும் பலத்த காயத்துக்கும் மட்டும். உயிரிழப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000. வண்டிச் சேதத்துக்கு ஒன்றும் இல்லை. மேலும் உங்களுக்கு நம்பர் கிடைத்துவிட்டதால் அது அடையாளம் தெரியாத வண்டியும் இல்லை.

எம்பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டால் இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று தெரியும். உரிமையாளர் பெயர் முழுதாகத் தெரியாது. முழு விவரத்துக்கு 160ஆம் பிரிவு இருக்கிறது. இழப்பீடு கோருபவர் கட்டணம் கட்டிக் கேட்டால், வண்டியின் விவரத்தையும் காப்பீட்டு விவரத்தையும் ஆர்.டி.ஓ. அலுவலகமோ போலீஸோ தந்தாக வேண்டும். மனுவில் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டே எழுதுங்கள்.

மலையில் நமக்கு இன்னொரு வசதியும் உண்டு. 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுக்க வேண்டும். அதில் வண்டி நம்பர் இருக்கும். "இந்த வண்டியின் இ-பாஸ் பதிவைச் சரிபார்க்கவும்" என்று புகாரில் ஒரு வரி சேர்த்தால் விசாரிப்பவருக்கு உதவும். வண்டி அன்று மலையில் இருந்ததற்கும் அது ஆதாரம்.

கொண்டைஊசி | ஊட்டி

இதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கருப்புப் போர்டில் மஞ்சள் எழுத்து இருந்தால் அது செல்ஃப் டிரைவ் வாடகைக் கார். ஓட்டியவர் ஊருக்குப் போய்விடுவார், வாடகை நிறுவனம்தான் உரிமையாளர். ஓட்டியவர், உரிமையாளர் இருவர் விவரமும் அங்கேயே வாங்கிவிடுங்கள்.

நீலக்குறிஞ்சி | கோத்தகிரி

வித்தியாசத்தைக் கார்க்காரரே கட்டுகிற ஏற்பாடு எனக்கும் சம்மதம். அவருக்கு ஒரு செலவாவது தெரியட்டும்.

சர்வேப் பார்வையிடம் ஒரு கேள்வி. என் பைக் புதிதாக வாங்கியபோது ஐந்து வருட இன்சூரன்ஸ் என்றுதான் ஷோரூமில் சொன்னார்கள். அப்படியென்றால் இந்த ஓ.டி.யும் ஐந்து வருடம்தானே?

சர்வேப் பார்வை | கோயம்புத்தூர்

இல்லை அம்மா. இதைக் கேட்டதற்கு நன்றி, படிக்கிற எல்லாரும் இன்றே பார்க்க வேண்டிய விஷயம் இது. 2018 செப்டம்பர் 1 முதல் புது டூவீலருக்கு ஐந்து வருடத் தேர்ட் பார்ட்டி கட்டாயம். அதோடு ஓ.டி. பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான் போட்டுத் தருவார்கள். இரண்டுக்கும் காலாவதித் தேதி வேறு வேறாக அதே தாளில் இருக்கும். இரண்டாம் வருடம் முதல் ஓ.டி.யைத் தனியாகப் புதுப்பிக்க வேண்டும், வேறு கம்பெனியிலும் எடுக்கலாம். போலீஸ் சோதனையில் தேர்ட் பார்ட்டி இருந்தால் போதும் என்பதால் ஓ.டி. முடிந்தது பலருக்குத் தெரிவதே இல்லை. ஓ.டி. இல்லையென்றால் இந்த இழையில் நாம் பேசிய வேகமான வழி கிடையாது. 90 நாளுக்கு மேல் புதுப்பிக்காமல் விட்டால் சேர்த்து வைத்த என்.சி.பி.யும் போய்விடும்.

பட்டறை அண்ணன் | மேட்டுப்பாளையம்

தம்பி, காசு பேச்சு ஒரு பக்கம் இருக்கட்டும். வளைந்த ஃபோர்க்கோடு வண்டியை ஓட்டிக்கொண்டு இறங்கிவிடாதே. குன்னூரிலிருந்து கீழே வர 14 கொண்டை ஊசி. முன் பிரேக்கைத் தொடர்ந்து பிடித்து இறங்கும் பாதையில் அந்த ஃபோர்க்கை நம்ப முடியாது. பிக்கப்பில் ஏற்றி அனுப்பு.

நிமிர்த்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதே, ஃபோர்க் குழாயை மாற்றத்தான் வேண்டும். மலை ரோட்டில் தினமும் ஓடுகிற வண்டி அது. கழற்றும்போது ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் டி-பிளேட்டையும் ஸ்டீயரிங் பேரிங்கையும் பார்க்கச் சொல். வெளியே தெரியாத அடி அங்கேதான் இருக்கும். சர்வே முடிகிறவரை ஒரு போல்ட்டைக்கூடத் தொடக் கூடாது என்று ஷோரூமில் சொல்லி வை.

சர்வேப் பார்வை | கோயம்புத்தூர்

அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. வாடகைக்கு ரசீது வாங்குங்கள், ஆனால் சாதாரணப் பாலிசியில் டூவீலரை எடுத்துப் போக 300 ரூபாய்தான் கிடைக்கும். மீதியைக் கார்க்காரர் கணக்கில் சேருங்கள்.

50,000 ரூபாய்க்குக் கீழே உள்ள சேதத்துக்கு லைசென்ஸ் பெற்ற சர்வேயர் கட்டாயமில்லை. கம்பெனி ஆளே வரலாம், வீடியோவிலும் பார்க்கலாம். யார் பார்த்தாலும் ஃபோர்க் வளைவைப் பக்கவாட்டிலிருந்து எடுத்த படம் அவர்களிடம் இருக்க வேண்டும். அவர்கள் காரணமில்லாமல் இழுத்தடித்தால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் புகார், அதன் பிறகு இன்சூரன்ஸ் புகாருக்கான பீமா பரோசா இணையதளம். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால் சென்னையில் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் என்ற குறைதீர்ப்பாளர், கட்டணம் கிடையாது. இது உங்கள் சொந்தக் கம்பெனிமேல் மட்டும்தான். கார் கம்பெனிமேல் நீங்கள் அங்கே போக முடியாது.

தேயிலைக்காடு | குன்னூர்

எல்லாருக்கும் நன்றி. இங்கே சொன்னபடியே செய்தேன். கிளெய்ம் ஃபாரத்தில் நடந்ததை நடந்தபடி எழுதி, சி.எஸ்.ஆர்., கேமரா பதிவு, ஆர்.சி., லைசென்ஸ் நகல் எல்லாம் சேர்த்துக் கொடுத்தேன். வண்டி பிக்கப்பில் மேட்டுப்பாளையம் போனது, வாடகை 1,800. கம்பெனி ஆள் நேரில் வந்தே பார்த்தார்.

கார்க்காரரிடம் கணக்கை வரி வரியாக எழுதி அனுப்பினேன். தேய்மானமும் பிடித்தமும் 4,050, என்.சி.பி. 1,440, வாடகையில் பாலிசி தராதது 1,500. மொத்தம் 6,990. முதலில் தயங்கினார். அவருடைய பாலிசியில் உள்ள 6,000 வரம்பையும், தீர்ப்பாயம் போனால் மீதி அவர் தலையில்தான் விழும் என்பதையும் மரியாதையாகவே சொன்னேன். மறுநாள் முழுத்தொகையையும் அனுப்பிவிட்டார். நல்ல மனிதர்தான், அவருக்கும் இதெல்லாம் தெரிந்திருக்கவில்லை. ரசீதில் மலைவழக்கு சொன்ன வாசகத்தையே எழுதிக் கொடுத்தேன்.

இப்போது ஒரு புது விஷயம். பட்டறை அண்ணன் சொன்னது போலவே கழற்றிப் பார்த்ததில் டி-பிளேட்டில் விரிசல் இருக்கிறதாம். இன்னும் 2,200 ஆகும் என்கிறார்கள். மாற்றச் சொல்லிவிடலாமா?

சர்வேப் பார்வை | கோயம்புத்தூர்

பொறுங்கள். பழைய டி-பிளேட்டைத் தூக்கிப் போட விடாதீர்கள். விரிசலைப் படம் எடுத்து, சப்ளிமெண்டரி எஸ்டிமேட் போட்டு, பார்த்த அதே ஆளுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அவர் எழுத்தில் ஒப்புதல் தந்த பிறகு மாற்றட்டும். முன்னாலேயே மாற்றினால் அந்தத் தொகை கிடைக்காமல் போகலாம். ஒப்புதல் வந்தால் 25 சதவீதம் கழித்து 1,650 தருவார்கள், உங்கள் பங்கு 550.

மலைவழக்கு | ஊட்டி

அந்த 550ஐயும் கார்க்காரரிடம் கேட்கலாம். கூடுதல் குறைவு சரிசெய்யப்படும் என்ற வரி ரசீதில் இருக்கிறதே. இறுதி பில் நகலையும் சேர்த்து அனுப்புங்கள்.